அஷ்டமியில் எண்ணிய மீன்கள்

1

இந்தத் தை பிறந்த வாரத்தில் ஒரே நாளில் எனக்கு இரண்டு தபால்கள் வந்தன.

ஒன்று, சிவகாசியிலிருந்து தம்பி காளிராஜ் அனுப்பிய தினசரிக் காலண்டர். அவன் காலண்டர் பைண்டிங் தொழில் செய்கிறவன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியானதுமே எனக்கு ஒரு காலண்டரை ஒதுக்கி வைத்துவிடுவான். ஆனால் சீசன் லோடெல்லாம் ஏற்றி முடித்துக் கை ஓய்ந்த பிறகுதான் தபாலில் சேர்ப்பான். அதனால் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் என் வீட்டில் வருடம் எப்போதும் இரண்டு வாரம் தாமதமாகத்தான் பிறக்கும். ஒரு வருடம் சுங்கத்தில் பார்சலை நிறுத்தி வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எனக்குப் போன் செய்தார். “அனுப்பியவரின் ஊர் வெடி செய்யும் ஊராமே?” என்றார். “ஆமாம். ஆனால் இது வெடிக்காது, கிழிக்கத்தான் முடியும்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்த பிறகு காலண்டர் வந்து சேர்ந்தது.

இரண்டாவது தபால் இங்குள்ள மீன்வள அலுவலகத்தின் கடிதம். எங்கள் ஊர் ஆற்றின் கழிமுகத்தில் வலை போடக் கூடாது என்று தடை வந்து முப்பது வருடம் ஆகிறது. அதைக் கொண்டாடப் பாலத்தருகே ஒரு பலகை வைக்கிறார்கள். தடைக்குக் காரணமான ஆய்வைச் செய்தவன் என்ற முறையில் அதில் என் படமும் இருக்கும். அதே நாளில் ஒரு கூட்டம். தடையை நிரந்தரமாக்குவதா, அல்லது வருடத்தில் சில நாள் மட்டும் வலை போட அனுமதி கேட்டு ரூத் என்ற பெண்மணி கொடுத்திருக்கும் மனுவை ஏற்பதா என்று அதில் முடிவாகும். ‘தங்கள் ஆய்வு ஒன்றே எங்களிடம் உள்ள சான்று’ என்று பெருமையாக எழுதியிருந்தார்கள்.

விஷயத்தைச் சுற்றி வளைக்க எனக்கு இனி ஆயுள் போதாது, எழுபத்தாறு ஆகிறது. அந்த ஆய்வு தவறு. தவறு என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

2

நான் நாரணாபுரத்தில் பிறந்தவன். அம்மா வெடி ஆலையில் குழாய் உருட்டினார். அப்பா சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தார். வீட்டுக்கும் புரூஃப் கட்டைக் கொண்டுவருவார். நான் மூலத்தை வாசிக்க, அவர் அச்சடித்த தாளில் விரலை ஓட்டிக்கொண்டு போவார். பிரதமை, துவிதியை, திருதியை, சதுர்த்தி. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்த வயதில் நான் திதி ஒப்பித்தேன்.

மதுரையில் விலங்கியல் படிக்கப் போனபோது அதையெல்லாம் உதறினேன். நல்ல நேரம், ராகு காலம், சூலம், அத்தனையும் மூடத்தனம் என்று கண்டுகொண்டேன். இன்றும் அந்தக் கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் கருத்தோடு நிறுத்தவில்லை, வீம்பாக எடுத்துக்கொண்டேன். நேர்காணலுக்கு அஷ்டமியாகப் பார்த்துப் போனேன். இங்கே ஆராய்ச்சி வேலை கிடைத்ததும் நவமியில் கிளம்பும்படி விமானச் சீட்டு எடுத்தேன்.

அப்பா அதிகம் பேச மாட்டார். அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “போறது போற, ஒரு நா தள்ளிப் போனா கடல் வத்திருமாலே?”

“வத்தாதுப்பா. அதான் இன்னைக்கே போறேன்” என்றேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கயிற்றை இன்னும் ஒரு முடிச்சு இறுக்கினார். அதற்குப் பிறகு நாளைப் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை.

3

கழிமுகத்தை விளக்கிவிடுகிறேன். விருதுநகர்க்காரர்கள் கடலைப் பார்க்க வண்டி ஏற வேண்டியவர்கள். ஆனாலும் நம் ஆறு கடலுக்குத்தான் போகிறது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு வைப்பாறு கிழக்கே போய், தண்ணீர் இருக்கும் வருடங்களில், மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அப்படி ஆறு கடலைத் தொடும் இடத்தில் கடல் தினமும் இரண்டு முறை உள்ளே ஏறி இறங்கும். அதை ஓதம் என்கிறோம். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஒன்றிரண்டு நாளில் ஓதம் மிகப் பெரிதாக வரும். அஷ்டமி, நவமியை ஒட்டி மிகச் சிறிதாக வரும். வைப்பாற்று முகத்தில் இது முழங்கால் உயர விஷயம். நான் இருக்கும் கரையில் பெரிய ஓதம் இரண்டு மாடி உயரத்துக்கு வரும். ஆறு பின்னோக்கி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்த ஓதத்தில் ஏறி வரும் மீன் ஒன்று உண்டு. நெத்திலியைவிடப் பெரிது, சாளையைவிட மெலிது. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். கையில் எடுத்தால் மீன் வாடை வராது, நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சின் வாசனை வரும். இதற்குத் தமிழில் பெயர் கிடையாது. வெள்ளரி மீன் என்று வைத்துக்கொள்வோம். குளிர் விடும் சமயத்தில் இது பாலத்தடிக் கற்களில் முட்டையிடக் கூட்டமாக வரும். எதிர்நீரில் நீந்தும் பலம் இதற்கு இல்லை. அதனால் பெரிய ஓதம் தூக்கிக்கொண்டு வரும் சில நாட்களில் மட்டுமே வரும்.

எங்கள் ஊரில் ஏழு குடும்பங்கள் அந்தச் சில நாட்களில் வலை போட்டார்கள். மீன் குறைந்துவருகிறதோ என்று அலுவலகத்துக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான். முட்டையிட வரும் மீனை அளவில்லாமல் பிடித்தால் இனமே அற்றுப்போகும். மூன்று வருட ஒப்பந்தத்தில் என்னை நியமித்து, எண்ணிச் சொல்லச் சொன்னார்கள்.

எண்ணும் நாட்கள் சம இடைவெளியில் இருக்க வேண்டும் என்பது விதி. அலுவலகப் படகு புதன்கிழமைதான் கிடைக்கும். ஓட்டம் கடுமையாக இருக்கும் நாளில் சிறு படகை இறக்கக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு விதியும் உண்டு. எனவே ஒவ்வொரு வருடமும் தண்ணீர் சாதுவாக இருக்கும் ஒரு புதனைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினேன். பிறகு பதினான்கு நாளைக்கு ஒரு முறை. ஒரு பருவத்துக்கு ஐந்து புதன். படிவத்தில் பார்க்க அழகாக இருந்தது.

பதினான்கு நாள் என்பது ஏறக்குறைய ஒரு பட்சம். வளர்பிறையில் ஓர் அஷ்டமியை ஒட்டித் தொடங்கியவன், அடுத்த முறை தேய்பிறை அஷ்டமியை ஒட்டிப் போய் நிற்பான். ஐந்து முறை போனாலும் ஐந்தும் சின்ன ஓதம்தான். மீன் வரும் நாளில் ஒரு முறைகூடப் போக மாட்டான். இங்கே பிறந்த ஒருவன் இதைக் கவனிக்கத் தவறியிருந்தால் மன்னிக்கலாம். திதி சொல்லி வளர்ந்தவன் தவறவிட முடியாது. காலண்டரை வீம்புக்கு ஒதுக்கிய ஒருவனால் மட்டுமே முடியும்.

ஏழு குடும்பங்களில் ஒன்று ஆல்பர்ட்டினுடையது. நான் படகில் திரும்பும்போதெல்லாம் அவர் படித்துறையில் நின்றிருப்பார்.

“எத்தனை கிடைத்தது, மிஸ்டர் புதன்கிழமை?”

“நாலு.”

“நாலா? வழி தவறி வந்திருக்கும். வீட்டில் தேடுவார்கள், விட்டுவிடுங்கள்.”

இரண்டாம் வருடம் அவர் கேலி செய்யவில்லை. கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். “நிலா இல்லாத நாளுக்கு மறுநாள் வாருங்கள். மத்தியானம் தண்ணீர் ஏறும்போது இந்தப் படியில் நின்றால் போதும். படகு வேண்டாம்.”

“நிலா பார்த்து மீன் பிடிப்பது உங்கள் வழக்கம். நான் செய்வது அறிவியல்” என்றேன். அப்பாவிடம் சொல்ல ஆசைப்பட்டு, சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது. அவரை விட்டுவிட்டு இவரிடம் சொன்னேன்.

4

மூன்றாம் வருடம், அறிக்கை கொடுக்க இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு நாள் பிற்பகலில் ஆல்பர்ட் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார். கையில் மூடிய வாளி.

“ஒரே இழுப்பு. இன்றைக்கு மத்தியானம். உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

மூடியைத் திறந்தார். வாளி நிறைய வெள்ளி. சமையலறை முழுக்க வெள்ளரி வாசனை. என் மனைவி பேச்சியம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பி, “என்னங்க, வெள்ளரிப்பிஞ்சு விக்கிற சாத்தூர் ஸ்டேஷன்ல ரயிலு நின்ன மாதிரில்ல இருக்கு” என்றாள்.

“வாளியில் கொண்டுவருவதெல்லாம் சான்று ஆகாது” என்று ஆல்பர்ட்டிடம் சொன்னேன்.

அவர் மூடியை வாளியின்மேல் திரும்பப் போட்டார். “அப்படியானால் வறுத்துச் சாப்பிடுங்கள்” என்று வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பேச்சியம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நான் ஒதுக்கிய காலண்டரை அவள்தான் தினமும் கிழித்து வந்தாள். அமாவாசைக்கு அமாவாசை விரதமிருந்து கொல்லைச் சுவரில் சோறு வைப்பாள். காகம் வருமுன் கடற்காக்கைகள் வந்து தின்றுவிடும். “காக்காதான, வெள்ளையா இருந்தா என்ன” என்பாள். அன்று அவள் கேட்டது இதுதான்: “நேத்தோட அமாவாசை போச்சு. இன்னைக்குப் பிரதமைதான? மீன் ஆக்கலாம்ல?”

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடப் புதன்கிழமைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன.

“ஆக்கு” என்றேன்.

எட்டு வயது மகள் செல்வியும் நாங்களும் அந்த மீனை வறுத்துச் சாப்பிட்டோம். சான்றைத் தின்றேன் என்று சொன்னால் அது மிகையில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஏன் அறிக்கையைத் திருத்தவில்லை? ஒப்பந்தத்தை நீட்டித்தால்தான் தங்கும் அனுமதி நீளும். அறிக்கை உரிய நாளில் வந்தால்தான் ஒப்பந்தம் நீளும். ‘நாள் தேர்வு தவறு, மூன்று வருட எண்ணிக்கை செல்லாது’ என்று எழுதினால் குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டியதுதான். இதை எத்தனையோ பேர் நியாயம் என்பார்கள். எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பிப் போனால், எதனால் தவறியது என்று அப்பா கேட்பார். திதி பார்க்காததால் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூசி, ஏழு குடும்பங்களின் வலையை அறுத்தேன்.

5

இந்தத் துறையில் ஒரு எண் எப்படிச் சட்டமாகிறது என்று பலருக்குத் தெரியாது. படகில் ஈரக் கையோடு ‘நாலு’ என்று எழுதுகிறோம். அலுவலகத்தில் அது ஒரு புள்ளியாகிறது. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு கீழே சரிந்தால், குழு கூடித் தடை போடுகிறது. கோட்டைப் பார்க்கிற யாரும் படகைப் பார்க்க மாட்டார்கள். எந்த நாளில் போனாய் என்று குழுவில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

தடை வந்த அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் கோழி வெட்டும் கம்பெனியின் வேன் வந்து நின்றது. ஆல்பர்ட் ஏறினார். கையில் சாப்பாட்டு டப்பா. ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டார். நாரணாபுரத்தில் கம்பெனி வண்டி வரும்போது அம்மா தூக்குவாளியோடு ஏறுவதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். மழை பொய்த்து அந்த வண்டியில் முதன்முதலாக ஏறுகிறவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். இங்கே மழை பொய்க்கவில்லை, நான் பொய்த்தேன்.

ஆல்பர்ட் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அப்படித்தான் முப்பது வருடம் போயிற்று. எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது, குடியுரிமை கிடைத்தது, வீடு வாங்கினேன். அப்பா போனார், அம்மா போனார், ஆறு வருடத்துக்கு முன் பேச்சியம்மாளும் போனாள். அவள் போன பிறகு காலண்டரை நான்தான் கிழிக்கிறேன்.

6

கடிதம் வந்த மறுநாள் காளிராஜுக்குப் போன் செய்தேன். அவன் வேலை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு வருடக் காலண்டரிலும் ஒரு காப்பி பீரோவில் கிடக்கும். நான் மீன் எண்ணிய அந்த மூன்று வருடத்தையும் எடுத்துக்கொண்டு போனுக்கு வரச் சொன்னேன்.

“எடுத்துட்டேண்ணே. தூசி மண்டிக் கெடக்கு. எதுக்குண்ணே, சாதகமா?”

“சாதகம் இல்லலே. நான் தேதி சொல்றேன், நீ திதியச் சொல்லு.”

என் பழைய களக்குறிப்பை விரித்துப் புதன்கிழமைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவன் தாளைப் புரட்டிப் புரட்டிச் சொன்னான். தசமி. நவமி. அஷ்டமி. அஷ்டமி. சப்தமி. அடுத்த வருடம். நவமி. நவமி. அஷ்டமி. நான் மூலம் வாசிக்க, அப்பா சரிபார்ப்பதுபோலவே இருந்தது. பதினைந்தும் முடிந்தது.

“ஏண்ணே, ஊர்ல ஒருத்தனும் ஒரு காரியமும் தொடங்காத நாளாப் பொறுக்கிப் பொறுக்கிப் போயிருக்கீகளே. கம்பெனிப் பூசைகூட அன்னைக்குப் போட மாட்டோம்.”

நடந்ததைச் சொன்னேன். பின்னால் தாள் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப என்ன செய்யப் போறீக?”

“கூட்டத்துல போயிச் சொல்லப் போறேன்.”

“சொன்னா என்னாகும்?”

“பலகையில என் போட்டோ வராது.”

“அம்புட்டுத்தான? நம்ம காலண்டர்ல போட்டுருவோம். அட்டை ஆர்டர் இன்னும் குடுக்கல” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்பா இருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாகண்ணே. நீங்களாத்தான் பயந்துருக்கீக” என்றான்.

ஊரில் இதைப் படிக்கும் சிலர் ‘பார்த்தாயா, அஷ்டமி நவமி பார்க்காமல் போய்க் கெட்டான்’ என்று சொல்லக்கூடும். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். மீனுக்கு அஷ்டமி கெட்ட நாளும் இல்லை, பிரதமை நல்ல நாளும் இல்லை. சந்திரன் நிற்கும் இடத்துக்கு ஏற்பக் கடல் ஏறுகிறது. கடல் ஏறும்போது மீன் வருகிறது. அப்பா புரூஃப் பார்த்த தாளில் ராகு காலமும் இருந்தது, சந்திரனும் இருந்தது. ஒன்றை எறிவதாக நினைத்து இரண்டையும் சேர்த்து எறிந்தேன்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. செல்வி லண்டனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். தமிழ் புரியும், பேசும்போது பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அன்று முழுக்கத் தமிழிலேயே பேசினாள், அதிலேயே கோபம் தெரிந்தது.

“யாரும் கேக்கல அப்பா. எதுக்கு இப்போ? உங்க பேர் போயிடும்.”

“போகட்டும்மா.”

“என் ஸ்கூல்ல நீங்க காப்பாத்துன ஆத்தப் பத்திப் பேச விட்டாங்க, ஞாபகம் இருக்கா? நான் மேடையில நின்னு பெருமையாச் சொன்னேன்.”

“இருக்கு. அந்த மீன நீயும் சாப்பிட்ட.”

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பாமலே, “நல்லா இருந்துச்சு, இல்ல?” என்று கேட்டாள். அந்த வாசனை அவளுக்கு நினைவிருந்தது. சாத்தூர் நினைவில்லை; அவளுக்கு வெள்ளரி வாசனை என்றால் அந்தச் சமையலறைதான்.

7

கூட்டத்தில் பொதுமக்களுக்கு மூன்று நிமிடம். அழைப்பிதழில் பெயர் அச்சடித்த விருந்தினர் ஆட்சேபம் சொல்வதற்குத் தனி ஏற்பாடு இல்லை என்பதால், என்னையும் பொதுமக்கள் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ரூத் இருந்தார். அவர் ஆல்பர்ட்டின் மகள். பக்கத்தில் எண்பத்து நான்கு வயது ஆல்பர்ட், காதில் மெஷினோடு.

பதினைந்து தேதிகளையும் அந்தந்த நாள் ஓதத்தின் உயரத்தையும் வாசித்தேன். அலுவலகமே அச்சிட்ட ஓத அட்டவணையிலிருந்து எடுத்த எண்கள். பிறகு வாளியைப் பற்றிச் சொன்னேன். “எனக்குத் தெரிந்தது. தெரிந்தே கொடுத்தேன். அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்” என்றேன்.

தலைவர் மரியாதையான மனிதர். “அறிக்கை அலுவலகத்தின் உடைமை, டாக்டர். எழுதியவர் திரும்பப் பெற விதியில் இடமில்லை. தங்கள் கருத்து இணைப்பாகச் சேர்க்கப்படும்” என்றார்.

“இது கருத்து இல்லை.”

“மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.”

“முப்பது வருடம் முடிந்துவிட்டது. நான் உட்காரப் போவதில்லை.”

நின்றேன். யாரோ இருமினார்கள். தலைவர் பக்கத்திலிருந்தவரோடு கிசுகிசுத்துவிட்டு ஒரு முடிவைப் படித்தார். புதிய சான்று எதுவும் இல்லாத நிலையில் பழைய அறிக்கையே செல்லும். பருவம் முடியும்வரை மனுமீது முடிவும் பலகைத் திறப்பும் ஒத்திவைக்கப்படும். அதற்குள் புதிய சான்று வந்தால் பரிசீலிக்கப்படும். புதிய சான்றுக்கு வலை போட வேண்டும். வலை போட உரிமம் வேண்டும். உரிமத்துக்கு ஒரு வருடம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் ஆல்பர்ட் என் சட்டையைப் பிடித்துக் குனிய வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அன்றைக்கே தெரியும்” என்றார். “வேன் ஜன்னல் வழியாக உங்கள் முகத்தைப் பார்த்தேனே. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, வறுத்தா சாப்பிட முடியும்? என் மகளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும்.”

8

வீட்டுக்கு வந்து காளிராஜின் காலண்டரில் மாசி மாதத் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்ன தேதி, நண்பகலுக்கு அரை மணி முன்னால், பாலத்தடிப் படியில் நான் கைவலை போடப் போகிறேன். இது தடையை மீறும் செயல் என்று எனக்குத் தெரியும். யாரை அனுப்ப வேண்டுமோ அனுப்புங்கள். பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

ரூத்தை வரவேண்டாம் என்றேன். அவர் வலையைத் தொட்டால் மனு செத்துவிடும். வந்தார், பாலத்தின்மேல் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றார். ஆல்பர்ட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீளக் கம்பின் நுனியில் வளையம் கட்டிய வலை அவருடையது. கம்பு பழையது, வலை புதிது.

சொன்ன நேரத்துக்கு அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் படிவக் கட்டு. “உங்கள் அறிக்கையைக் கல்லூரியில் பாடமாகப் படித்தேன், சார்” என்றாள்.

“மறந்துவிடுங்கள்.”

“வலையை இறக்கினால் நான் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும்.”

“அதற்குத்தான் கடிதம் போட்டேன்.”

இறக்கினேன். ஆறு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தூக்கினால், வெறும் தழை.

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய். ஒருவேளை மீனே இல்லை, ஒருவேளை நான் எழுதியது தப்பித்தவறிச் சரியாக இருந்துவிட்டது என்று ஒரு கணம் உள்ளே குதித்தது மனம். முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்த ஆள் உள்ளேயேதான் இருக்கிறான்.

“தண்ணீர் இன்னும் படியைத் தொடவில்லை, மிஸ்டர் புதன்கிழமை” என்றார் ஆல்பர்ட். “சும்மா நில்லுங்கள்.”

நின்றேன். தண்ணீர் மூன்றாவது படியைத் தொட்டது. மீனைப் பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப்பிஞ்சைத் தட்டில் தூக்கிக்கொண்டு ரயில் ஜன்னலோரம் ஓடுவார்களே, அந்த வாசனை. வலையை இறக்கினேன். தூக்க முடியவில்லை. அந்தப் பெண் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

நோட்டீஸில் ஒரு கட்டம் உண்டு: பிடிபட்ட மீன், இனம், எண்ணிக்கை. எண்ணாமல் எழுத அவளுக்கு அனுமதியில்லை. படியில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எண்ணி எண்ணித் தண்ணீரில் விட்டோம். என் பதினைந்து புதன்கிழமைகளையும் கூட்டினாலும் அந்த ஒரு வலைக்கு ஈடாகாது. அவள் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தாள். எழுதிய பிறகுதான் தன் கையில் இருப்பது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. தலையைத் தூக்கி, பாலத்தின்மேல் நின்ற ரூத்தைப் பார்த்தாள். ரூத் கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அதுதான் புதிய சான்று. என்மீது போட்ட வழக்குத் தாள். அலுவலகம் தன் கையாலேயே எண்ணி, தன் முத்திரையிலேயே கொடுத்தது. அதன் நகல் இப்போது ரூத்தின் மனுவோடு இருக்கிறது. பருவம் முடிந்ததும் குழு கூடும். தடையால்தான் மீன் பெருகியது என்றும் சொல்லலாம், என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை எந்த நாளில் போனாய் என்று அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

கேட்க வேண்டியதை நானே எழுதியும் வைத்தேன். ‘குற்றம் நடந்த நாள்’ என்ற கட்டத்தில் அவள் ஆங்கிலத் தேதியைப் போட்டிருந்தாள். பேனாவை வாங்கி அதன் கீழே ‘அமாவாசைக்கு மறுநாள், பிரதமை’ என்று தமிழில் எழுதினேன். அவள் தடுக்கவில்லை.

கடைசிக் கட்டம்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?

ஆம் என்று எழுதினேன். எந்தக் குற்றத்தை என்று அதில் கேட்டிருக்கவில்லை.